வண்டியதிகாரம்

பாயிரம்

எந்த நூலுக்கும் முதலில் எல்லை கட்ட வேண்டும் என்பது பழைய விதி. கிழக்கே அரிச்சல்முனை, மேற்கே கமுதி, வடக்கே தொண்டி, தெற்கே சாயல்குடி. இந்த நான்குக்கும் நடுவே ஓடுகிற, ஓடி நின்ற, இனி ஓடாது என்று டிங்கர் கைவிரித்த டொயோட்டா வண்டிகளும், அவற்றை உடையோரும், உடையோர்க்குக் கடன் கொடுத்தோரும் இந்நூல் நுதலிய பொருள். யாப்பு, உரைநடை, இடையிடையே நூற்பா. கேட்போர், கார் ஸ்டாண்டில் சவாரி கிடைக்காத பகல்களில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போர். பயன், பழைய இன்னோவா வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து பார்க்கக் கற்றுக்கொள்வது. ஆக்கியோன் பெயர் சொல்லப்படவில்லை. ஆக்கியோனிடம் டொயோட்டா கிடையாது. நடுநிலைக்கு வேறு சான்று வேண்டாம்.

மாருதியும் மஹிந்திராவும் மலிந்த ஊரில் டொயோட்டாவுக்கு மட்டும் ஏன் தனி அதிகாரம் என்று வினவுவார்க்கு விடை: மற்ற வண்டிகளுக்கு ஓனர்கள் மட்டுமே இருக்கிறார்கள், டொயோட்டாவுக்குச் சித்தாந்தமே இருக்கிறது. அந்தச் சித்தாந்தம் ஒரே வரி. 'இன்ஜின் சாகாது.' இதை ராமநாதபுரத்து டீக்கடையில் மறுத்துப் பேசிவிட்டு மிச்ச டீயை நிம்மதியாகக் குடிக்க முடியாது. நானும் மறுக்க வரவில்லை. ஆனால் சித்தாந்தம் இன்ஜினோடு நின்றுவிடுகிறது. வண்டி இன்ஜினோடு நிற்பதில்லை. மதுரையில் ஒரு குவாலிஸ் சாவதானால் விபத்தில் சாகும், அல்லது பேரனுக்குப் புது வண்டி வாங்கும் ஆசை வந்து சாகும். பாம்பனில் அது தகரத்தால் சாகிறது. ஆகவே இந்தக் கரையில் டொயோட்டா உடையோரை மாடலை வைத்தோ விலையை வைத்தோ வகை பிரித்தால் பிழைபடும். தகரத்துக்கு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டே பிரிக்க வேண்டும். இந்நூலின் முதல் நூற்பா வருமாறு:

இயந்திரம் அழியா தியங்கினும் உடம்போ
உப்பின் வழித்தே என்மனார் கரையோர்.

'என்மனார்' என்றதனால் இது தொன்றுதொட்டு வரும் வழக்கு என்பது பெறப்படும். 'கரையோர்' என்றதனால் பெங்களூரில் வண்டி வாங்கியவர் கருத்து இங்கே கணக்கில் வராது.

மரபியல்

டொயோட்டா முதலில் நெய்தது, பிறகுதான் ஓடியது. இன்றைய ஷிசுவோக்கா மாநிலத்தின் கோசாய் பகுதியில் ஒரு தச்சர் வீட்டில் 1867-ல் பிறந்த சகிச்சி டொயோடா, 1891-ல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஆண்டுக்கணக்காக அவர் தறியை விட்டு நகரவில்லை. இழை அறுந்த கணமே தறி தானாக நிற்க வேண்டும் என்பதுதான் அவரைப் பிடித்தாட்டிய எண்ணம். 1924-ல் ஜி வகைத் தானியங்கித் தறி வந்தது, 1926-ல் தறி நிறுவனம் வந்தது, 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அந்தத் தறியின் காப்புரிமையை விலைக்கு வாங்கியது. பஞ்சாலை இயந்திரங்களை உலகுக்கெல்லாம் விற்ற ஊர்க்காரர்கள் ஜப்பானியரிடம் காசு கொடுத்துப் பாடம் கேட்ட நிகழ்ச்சி அது. சகிச்சியின் மகன் கிச்சிரோ 1933-ல் தறிக் கம்பெனிக்குள்ளேயே மோட்டார்ப் பிரிவைத் தொடங்கினார். 1936-ல் ஏஏ என்ற கார் விற்பனைக்கு வந்தது. 1937-ல் டொயோட்டா மோட்டார் தனிக் குடித்தனம் போனது.

பரமக்குடியில் இந்த வரலாற்றைச் சொன்னால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். சௌராஷ்டிர நெசவாளர்கள் பட்டும் பருத்தியும் நெய்கிற ஊர். இழை அறுந்தும் தறியை ஓட்டினால் அறுந்தது அப்படியே துணியில் ஏறிவிடும், பிறகு முழுச் சேலைக்கும் முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டும் என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். டொயோட்டா தன் தொழிற்சாலையில் செய்ததும் இவ்வளவுதான். கோளாறு கண்ட தொழிலாளி யாராயினும் கயிற்றை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தலாம் என்று வைத்தார்கள். உலக மேலாண்மைப் பள்ளிகள் இதை விரித்துப் புத்தகம் புத்தகமாக எழுதின. பரமக்குடிக்காரர் யாரும் எழுதவில்லை. நெய்கிறவருக்கு ஏது நேரம்.

கோசாய்க்குப் பக்கத்து ஊர் ஹமாமட்சு. அங்கே 1909-ல் மிச்சியோ சுசுகி என்பவரும் தறிப் பட்டறைதான் வைத்தார். அந்தப் பட்டறையின் பேரப்பிள்ளைகளே நம் ஊர் மாருதிகள். இரண்டு தறி வீட்டாரும் பின்னாளில் சம்பந்தம் செய்துகொண்ட கதை பெயரியலில் வரும்.

போருக்குப் பின் டொயோட்டா கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. 1950-ல் வேலைநிறுத்தம், ஆள் குறைப்பு, கிச்சிரோ பதவி விலகல். கொரியப் போருக்கு அமெரிக்க ராணுவம் லாரி கேட்டதால் எழுந்து உட்கார்ந்தது. 1951-ல் லேண்ட் குரூசரின் மூதாதை, 1966-ல் கொரோலா. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்கு இவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கே ஹைஏஸ் வேனுக்கு 'டொல்பின்' என்று செல்லப்பெயர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நம் பக்கம் அம்பாசடருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

இந்தியாவில் டொயோட்டாவுக்கு இரண்டு சங்கங்கள். முதற்சங்கம் 1980-களில் டிசிஎம் கம்பெனியோடு சேர்ந்து சிறு லாரி செய்த காலம். அது தொண்ணூறுகளில் டேவூ கைக்குப் போய் முடிந்தது. முதற்சங்க நூல்களைப் போலப் பேர் மட்டும் மிச்சம். இரண்டாம் சங்கம் 1997-ல் கிர்லோஸ்கரோடு கூடியது. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் ஆலை. 2000 ஜனவரியில் குவாலிஸ்.

ராமேஸ்வரம் தீவைப் பொறுத்தவரை வேறொரு தேதியும் குறிக்க வேண்டும். 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி பாம்பன் சாலைப் பாலத்தைத் திறந்தார். அதுவரை 1914-ல் கட்டிய ரயில் பாலம்தான் தீவுக்கு ஒரே பாலம். அந்நாளில் தீவின் கார்களைப் பற்றி யாரேனும் இலக்கணம் எழுதியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

பெயரியல்

நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும். வண்டிகளும் அவ்வாறே.

முதல்நூல் நம்மிடம் இல்லை. அது 1977-ல் இந்தோனேசியாவில் வந்த கிஜாங். குவாலிஸ் அதன் வழிநூல். மூஞ்சி மாற்றி, பெயர் மாற்றி, நம் சாலைக்கு ஏற்பத் தைத்த பழைய சட்டை. வந்த புதிதில் நகரத்துப் பத்திரிகைகள் அதன் வடிவத்தைக் கேலி செய்தன. ட்ராவல்ஸ்காரர்கள் கேலியைப் படிக்கவில்லை; சீட்டை எண்ணினார்கள். பத்துப் பேர் ஏறும் வகையும் இருந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 2005-ல் கம்பெனி அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தது. குவாலிஸ் வைத்திருந்தவர்கள் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. 'ஓடுற குதிரைய எவனாவது சுடுவானா?' என்று கேட்கிற பெரியவர்கள் இப்போதும் இந்தக் கரையில் உண்டு. அவர்கள் கேட்பது நேற்று நடந்தது போல இருக்கும்.

இன்னோவா, 2016-ல் கிரிஸ்டா, 2022-ல் ஹைகிராஸ் என வழிநூல்கள் தொடர்ந்தன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குவாலிஸ் முதல் கிரிஸ்டா வரை எல்லாம் ஏணிபோல் தனிச் சட்டம் கொண்டவை; பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஹைகிராஸில் தனிச் சட்டம் இல்லை, பாடியே சட்டம். இந்த வேற்றுமையின் கனம் துருவியலில் விளங்கும். 2022-ல் டீசல் கிரிஸ்டாவுக்கு முன்பதிவு நிறுத்தப்பட்டபோது ட்ராவல்ஸ் உலகில் எழவு விழுந்த அமைதி. 2023 தொடக்கத்தில் கம்பெனி மறுபடி எடுத்ததும்தான் மூச்சு வந்தது.

சார்புநூல் என்பது கிளான்சா. 2019-ல் வந்தது. உள்ளே பலேனோ, அட்டையில் டொயோட்டா. எர்டிகா ரூமியன் ஆனதும் இவ்வகையே. எதிர்த்திசையிலும் நடந்தது, 2023-ல் ஹைகிராஸ் மாருதிக் கடைக்குப் போய் இன்விக்டோ என்ற பெயரில் நின்றது. இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவது. கிளான்சாக்காரரிடம் 'இது பலேனோதானே?' என்று கேட்பது இந்தக் கரையில் வழக்கம். அவர் முகத்தில் வருவது சினமா நாணமா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர்.

திணையியல்

உடையோர் அகம், புறம் என இருவர். ஒயிட் போர்டு அகம். மஞ்சள் போர்டு புறம். அகத்திணையில் தலைவனின் பெயர் சுட்டப்பெறாது; சொந்த வண்டியின் கண்ணாடியில் பெயர் இருக்காது, இருந்தால் ஒரு சாமி படம், அல்லது ஏர்வாடி தர்கா, அல்லது ஒரு சிலுவை. புறத்திணையில் எல்லாம் வெளிப்படை. பின் கண்ணாடி முழுக்க ட்ராவல்ஸ் பெயர், மகள் பெயர், மகன் பெயர், கைப்பேசி எண், 'தாயின் ஆசி', அதற்கும் கீழே கடன் கொடுத்த பைனான்ஸின் சின்ன ஸ்டிக்கர். பாடாண் திணை முழுதும் ஒரே கண்ணாடியில்.

அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே பொருந்தாக் காமம் ஒன்று உண்டு. ஒயிட் போர்டு வண்டியைச் சவாரிக்கு விடுவது. இது பெருந்திணை. வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்பதற்கு ஏறும்போதே பயிற்சி நடக்கும். 'கேட்டா நம்ம மாமான்னு சொல்லுங்க' என்று டிரைவர் சொல்ல, பாட்னாவிலிருந்து வந்த பெரியவர் தலையாட்டுகிறார். மாமா என்ற சொல் அவர் ஊரிலும் அதே உறவுக்குத்தான் என்பது இந்தத் திணைக்கு வாய்த்த பெரும்பேறு.

கைக்கிளையும் உண்டு. வண்டி இல்லாமலே காதலிப்பவர். டீக்கடையில் நிற்கும் ஒவ்வொரு கிரிஸ்டாவையும் சுற்றி வருவார். 'என்ன மைலேஜ் குடுக்குதுண்ணே?' என்பார். சொன்ன எண்ணை நம்ப மாட்டார். இவரை இகழ்தல் ஆகாது. நாளைக்குப் பழைய வண்டி வாங்கப் போகிறவர் இவர்தான்.

இனி அகத்தில் இரண்டு உட்பிரிவுகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று கொடியுடையார். முன்பக்கக் கம்பியில் கட்சிக்கொடி, டாஷ்போர்டில் தலைவர் படம், நிறம் வெள்ளை, மாற்ற முடியாது. தமிழ்நாட்டு அரசியலில் இன்னோவா தனி அந்தஸ்து பெற்ற ஆண்டு 2012. அந்த டிசம்பரில் அதிமுகவில் சேர்ந்த நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா ஓர் இன்னோவா கொடுத்தார். அன்றுமுதல் பேச்சாளரின் பெயரோடு வண்டியின் பெயரும் ஒட்டிக்கொண்டது. எந்த விளம்பர நிறுவனமும் டொயோட்டாவுக்கு இப்படிச் செய்து கொடுத்ததில்லை. கொடியுடையாருக்குத் துருக் கவலை குறைவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டி மாறும், அல்லது கொடி மாறும்.

மற்றொன்று சபராளி. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வெளிநாடு போய் வாழ்கிறவரை அப்படித்தான் சொல்வார்கள். துபாயிலும் சவுதியிலும் பாலைவனத்தில் டொயோட்டா எப்படி ஓடுகிறது என்று கண்ணால் கண்டவர். 'இன்ஜின் சாகாது' என்ற சித்தாந்தத்தை இங்கே இறக்குமதி செய்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. விடுமுறையில் வந்து வண்டி வாங்குவார். ஒரு மாதம் கல்யாணம், கத்னா, உறவுக்காரர் வீடு என்று ஓடும். பிறகு கவர் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். மிச்ச மாதங்களில் அந்தக் கவருக்குள் என்ன நடக்கிறது என்பதே துருவியலின் கடுமையான அத்தியாயம்.

ஐந்திணைக்கு வருவோம். குறிஞ்சி இந்த மாவட்டத்தில் இல்லை. ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயருடைய மணல்மேடு ஒன்று உண்டு. பெயருக்கேற்ற உயரத்தை எதிர்பார்த்து ஃபர்ஸ்ட் கியர் போடுகிறவர் ஏமாறுவார். இவ்வண்டிகளுக்குக் குறிஞ்சி என்பது கார்த்திகை, மார்கழியில் மட்டும் தோன்றி மறைவது. சபரிமலை, சிலருக்குக் கொடைக்கானல். பாலை, முதுகுளத்தூரும் கமுதியும். கருப்பொருள் சீமைக்கருவேலம், உரிப்பொருள் பிரிதல், அதாவது டயரை விட்டுக் காற்று பிரிதல். மருதம், ராமநாதபுரம் ஊருக்குள். உரிப்பொருள் ஊடல். போர் தண்ணீர் உப்பு. அதில் வண்டியைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற நேரத்தில் கணவர் வாளியைத் தூக்குகிறார். 'இது குடிக்கிறதுக்கா, ஒங்க காருக்கா?' என்று உள்ளிருந்து குரல் வருகிறது. ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பாணனும் விறலியும் இங்கே இல்லை. மதியம் வரை வண்டி அழுக்காகவே நிற்கும்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ராமேஸ்வரம் கார் ஸ்டாண்டுகளைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. விடியலில் ரயிலில் வந்து இறங்கும் குடும்பத்துக்காக டிரைவர் இருக்கிறார். அவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, பிராகாரம் சுற்றி, ஹோட்டலில் சாப்பிட்டு வரும்வரை இருக்கிறார். தனுஷ்கோடி போய், அரிச்சல்முனையில் அவர்கள் படம் எடுத்து, சங்கு வாங்கி வரும்வரை இருக்கிறார். திருப்புல்லாணி, தேவிபட்டினம் நவபாஷாணம், அங்கேயும் இருத்தல். மதுரை விமான நிலையத்தில் அவர்களை இறக்கிவிட்டால், திரும்பும் வண்டிக்கு ஆள் கிடைக்குமா என்று மறுபடி இருத்தல். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறார்கள். இருத்தலுக்கு வாடகை கேட்டால் மட்டும் பேரம்.

இந்த இருத்தலில் டிரைவர் ஒரே ஒரு விஷயத்தைக் கண் இமைக்காமல் பார்ப்பார். வருகிறவர்கள் ஈரமா, உலர்ந்தா. தீர்த்தக் கிணறுகள் எல்லாம் ஆடி உடை மாற்றி வந்தால் கவலையில்லை. அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நேராகக் கதவைத் திறக்கிற குடும்பம்தான் கவலை. அவர்களைக் கண்டதும் டிக்கியிலிருந்து பாலிதீன் ஷீட்டை எடுத்து சீட்டில் விரிப்பார். சிலர் அதன்மேல் பழைய வேட்டியும் விரிப்பார்கள். விருந்தோம்பல் என்று பக்தர்கள் நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவதும் உண்டு. ஷீட்டின் ஓரம் வழியே சொட்டிய தண்ணீர் சீட்டுக்கு அடியில் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் இறங்கும். ஆறு மாதம் கழித்து சீட் முன்னும் போகாது, பின்னும் வராது. எந்த அளவில் இறுகியதோ அந்த அளவு கால் உள்ள டிரைவர்தான் பிறகு அதை ஓட்ட முடியும்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அதற்குத் தனி இயல்.

துருவியல்

துருவெனப் படுவது தோன்றா முன்னரே
உள்ளே முடிந்தது என்ப டிங்கர்.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. ராமேஸ்வரத்து டிரைவர்கள் இரும்புக்கும் துருவுக்கும் இதே உறவைச் சொல்கிறார்கள். பதி, பசு, பாசம் மூன்றும் இங்கே உண்டு. பதி ஓனர். பசு டிரைவர். பாசம் மாதா மாதம் கட்டுகிற டியூ. பாசம் நீங்குவதற்கு அறுபது மாதம் ஆகும். மலம் அதற்குள் முற்றிவிடும்.

விஞ்ஞானமும் இவ்விடத்தில் டீக்கடைக்கு ஆதரவாகவே சாட்சி சொல்கிறது. கடல் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து தகரத்தில் படிகின்றன. நீர் உலர்ந்தாலும் உப்பு போகாது. அந்த உப்பு இரவில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே மழையே இல்லாத மாதத்திலும் வண்டி தினந்தோறும் நனைகிறது. குளோரைடு, இரும்பின்மேல் படியும் காப்புப் படலத்தை ஓரிடத்தில் நிலைக்க விடாது. ஒரு புள்ளியைப் பிடித்தால் அங்கேயே குடையும். கரையிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றில் உப்பு மளமளவென்று குறையும். பாம்பனில் நிற்கும் வண்டிக்கும் பரமக்குடியில் நிற்கும் வண்டிக்கும் ஒரே வயது என்று ஆர்.சி. புக் சொல்லும், தகரம் அப்படிச் சொல்லாது.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இத்தகைய ஆய்வின் முறை எளிது. எடை பார்த்த உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் மாட்டிவைப்பார்கள். காலம் கழித்து எடுத்து, துருவைக் கழுவி, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் விடை. மண்டபத்தில் வீட்டு வாசலில் கார் நிறுத்துகிற ஒவ்வொருவரும் இதே ஆய்வைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவர் மாட்டிவைத்த துண்டுக்கு வங்கியில் கடன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகத்திலேயே துரு அதிகம் பிடிக்கும் இடங்களில் பாம்பனுக்கு இரண்டாமிடம், முதலிடம் அமெரிக்காவின் மயாமிக்கு என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. யார் அளந்தார்கள் என்று கேட்டுப் பயனில்லை. இரண்டாமிடம் என்பதில் உள்ளூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு; மயாமிக்காரன் அரிச்சல்முனையில் ஒரு ஆடி மாதம் வண்டியை நிறுத்திப் பார்க்கட்டும் என்கிறார்கள். அங்கே ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல். கச்சான் வீசும் மாதங்களில் ஆண் கடல் பொங்கிச் சாலையோரக் கற்களில் அடித்துத் தூவுகிறது. வாடையில் மறுபக்கத்துக்கு முறை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது. அதற்கு முன் ஈர மணலில் பழைய ஜீப்பும் வேனும்தான் ஆள் ஏற்றிப் போகும், இன்னோவாக்காரர் முகுந்தராயர் சத்திரத்தில் நிறுத்திவிட்டுத் தப்பித்துவிடுவார். சாலை வந்தபின் தப்ப வழியில்லை. பக்தர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்காற்றை அனுபவிக்கிறார். டிரைவர் ஏறும் உப்பை அனுபவிக்கிறார்.

ரயில்வேயும் இந்தப் பாடத்தை நூறாண்டு படித்தது. 1914-ன் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை ஓயாமல் நடந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய தூக்குப் பாலத்துக்குக் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே பாலிசிலாக்ஸேன் பூச்சு, இணைப்புகளெல்லாம் முழு வெல்டிங். அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. இன்னோவாக்காரரிடம் வேஸ்ட் ஆயில் இருக்கிறது.

ஆகவே உடையோர், செய்கையால் நால்வர் என்க. முதலாமவர் ஆயில் பூசுவோர். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை அடிப்பாகம் முழுதும் அடித்துவிடுவார்; வண்டி நிற்கிற இடமெல்லாம் கறுப்புக் கோலம். சாலையைக் கெடுக்கிற, ரப்பர்களை ஊதச் செய்கிற முறை இது. ஆனால் நீண்ட நாள் ஓடிய குவாலிஸ்களுக்குக் கீழே குனிந்து பார்த்தால் இதுதான் வழிந்துகொண்டிருக்கும். இரண்டாமவர் கழுவுவோர். தீவை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் மதுரைப் பக்கம் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டுத்தான் திரும்புவார். நால்வரிலும் உத்தமர் இவரே, எண்ணிக்கையில் மிகக் குறைந்தவரும் இவரே. மூன்றாமவர் மூடுவோர். மேற்சொன்ன சபராளி இவ்வகை. கவர் வெயிலைத் தடுக்கும். உள்ளே புகுந்த உப்பீரத்தை வெளியே விடாது. டிஸ்க்கில் செம்பட்டை, பேட்டரி முனையில் பச்சைப் பூ, ஏ.சி. கண்டன்சரின் அலுமினியத் தகடுகள் தொட்டால் உதிரும் மாவு. ஓடின வண்டியை விட ஓடாத வண்டி முன்னால் போகிறது. நான்காமவர் நம்புவோர். டொயோட்டாவுக்கு ஒன்றும் ஆகாது என்பார். இவர்தான் பெரும்பான்மை.

துருவின் நிலைகளை விரிக்கப் புகுந்தால் நூல் பெருகும். ஒரு காட்சி போதும். பழைய இன்னோவா ஒன்றை வாங்க வந்த இளைஞர், தன் ஊர் டிங்கரையும் அழைத்து வந்திருக்கிறார்.

'என்னண்ணே, மேல பார்த்தா புதுசு மாதிரி இருக்கு?'

'மேல பார்க்காத மாப்ள. இங்க வா.'

டிங்கர் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டே போகிறார். டங், டங், டங் என்று வருகிறவரை இரும்பு. ஓரிடத்தில் சத்தம் செத்துப்போய் 'சொத்' என்கிறது. அது பட்டி. துளையை அடைத்துப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடம். பிறகு கதவின் அடி ரப்பரைப் பிரிக்கிறார். உள்ளே செதில் செதிலாகச் சிவப்பு. சக்கர வளைவின் உள்ளுதட்டை விரலால் தடவி விரலைப் பார்க்கிறார். ஃப்ளோர் மேட்டைத் தூக்குகிறார். ஜாக்கி வைக்கும் இடத்தை மட்டும் கடைசியில் பார்க்கிறார். அங்கே ஜாக்கி வைத்துத் தூக்கினால் வண்டி எழுவதற்குப் பதில் ஜாக்கி உள்ளே போய்விடும் வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார்.

'வண்டி எந்த ஊர்ணே ஓடுச்சு?' என்று விற்பவரைக் கேட்கிறார்.

நம்பர் பிளேட்டில் டிஎன் 65 இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து எண். ஒளிக்க முடியாது.

'ராம்நாடுதாண்ணே. ஆனா ராமேஸ்வரம் பக்கமே போனதில்ல.'

இந்த ஒரு வாக்கியத்தை இந்த மாவட்டத்தில் விற்பனைக்கு நிற்கும் எல்லா வண்டிகளும் சொல்கின்றன. அத்தனையும் உண்மையாயின் ராமேஸ்வரத்துக்கு யார்தான் போகிறார்கள் என்ற வினா எழும். அதற்கு நூலில் விடை இல்லை.

பிறகு டிங்கர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, சாவியைத் திருப்பச் சொல்கிறார். ஒரே திருப்பில் எடுத்துக்கொள்கிறது. சீராக நிற்கிறது. புகை இல்லை. அவர் தலையாட்டுகிறார். சித்தாந்தம் வென்றது. இளைஞர் முகம் மலர்கிறது. விற்பவர் விலையில் விட்டதை மறுபடி பிடித்துக்கொள்கிறார்.

இங்கே ஓர் ஐயம். பாடி அரித்த பின்னும் வண்டி ஓடுவது எப்படி? பெயரியலில் குறித்த தனிச் சட்டமே காரணம். கனத்த இரும்பு, மேலே பாடி கிழிந்தாலும் சட்டம் சுமக்கும். டிங்கர் வெட்டி ஒட்டுவதற்கும் இடம் கொடுக்கும். எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டிய மஞ்சள் போர்டு வண்டிகள், ஒவ்வொரு எஃப்.சி.க்கு முன்னும் பட்டறையில் ஒரு வாரம் படுத்து எழுவது இதனால்தான். எஃப்.சி. அன்று அவை மணப்பெண் போல இருக்கும். பார்க்கிறவர்கள் பெயின்ட் மணத்தில் கண் கலங்குவார்கள். ஹைகிராஸில் பாடியே சட்டம் ஆதலால் இந்த வித்தை எவ்வளவு தூரம் செல்லும் என்று டிங்கர்கள் இருசாராராகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார், இக்காலத்து எஃகும் பூச்சும் நல்லவை, அரிக்கவே விடாது என்பர். மற்றொரு சாரார், அரிக்கட்டும், பிறகு பேசுவோம் என்பர். பின்னவர்களுக்கு அவசரமில்லை. உப்புக்கும் இல்லை.

துரு டொயோட்டாவின் குற்றம் என்று இதனைக் கொள்ளற்க. எந்தக் கம்பெனித் தகரமும் இந்தக் காற்றில் இப்படித்தான். குற்றம் சித்தாந்தத்தில் இருக்கிறது. இன்ஜின் சாகாது என்று கேட்டவர், வண்டி சாகாது என்று எடுத்துக்கொள்கிறார். பத்தாண்டு ஆயில் மாற்றத் தவறாதவர், ஒருநாளும் அடியில் தண்ணீர் அடித்ததில்லை. சாகாத பொருளுக்குச் செலவு செய்துகொண்டு, சாகிற பொருளை விட்டுவிடுகிறார். கடைசியில் பாடி குப்பைக்குப் போகும் நாளில் இன்ஜினை மட்டும் தனியே கழற்றி விற்பார்கள். அதற்கு நல்ல விலை கிடைக்கும். அது உள்நாட்டில் வேறொரு வண்டிக்குள் போய் உட்கார்ந்து, உப்பே இல்லாத ஊரில், அந்த ஊர்க்காரர்களின் சித்தாந்தத்தை வளர்க்கும்.

புறனடை

சொன்னவை அல்லாத பிறவும் உளவாயின் அவற்றையும் இவ்வாறே கொள்க. எட்டியாஸ் வைத்திருப்போர் தங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று மனம் கோணலாம். 2010-ல் வந்து 2020-ல் நின்ற அவ்வண்டி புறத்திணையிலேயே பிறந்து புறத்திணையிலேயே முடிந்தது, அகம் அதனை அறியவில்லை. ஃபார்ச்சூனர் உடையோர் குனிந்து அடிப்பாகம் பார்ப்பதில்லை. எனவே துருவியல் அவர்க்குப் பொருந்துமாறு அவருடைய டிரைவரிடம் கேட்டறிக.

பொலேரோக்காரர்கள் தங்களையும் நூலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குத் தனி அதிகாரம் எழுதப்படும். மரபியலும் பெயரியலும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். திணையியலில் கொடியுடையார் பகுதியைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். துருவியலை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.